எதை ஏற்றுவது, எதை இறக்குவது?

எட்டாம் வகுப்பில் பயிலும் மகனைப் பெற்ற தாய் ஒருவர் நமக்கு மடல் வரைந்திருந்தார். விடுமுறை நாட்களில் அவருடைய மகன் கணிப்பொறியின் முன் அமர்ந்து இராக்கெட் கட்டுகிறானாம். கட்டிய இராக்கெட் ஏவுதளத்திலேயே சாய்கிறது. இல்லையெனில் வானில் புரண்டு விழுகிறது. அவன் மேலும் இரண்டு எஞ்சின்களைப் பொருத்துகிறான், அதுவும் விழுகிறது. இறுதியில், பிறர் கட்டிக் காட்டிய ஒன்றைப் பார்த்து அப்படியே படியெடுத்தான். அது பறந்தது. ஆயினும் பையனின் முகத்தில் மலர்ச்சியில்லை. "இது நான் செஞ்சதில்லையேம்மா" என்றானாம். தந்தையோ, பொழுதைக் கொல்லும் இவ்வேலையை அடியோடு நிறுத்திவிடச் சொல்கிறார். புதிதாகச் சிந்திப்பது எவ்வாறு என்று மகனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தமக்குத் தெரியவில்லை என்றும், நாமாவது எழுதவேண்டும் என்றும் அத்தாய் கேட்டிருந்தார்.

பையன் கூறிய அந்த ஒரு சொல்லுக்காகவே இம்மாதம் இப்பக்கத்தை இதற்கு ஒதுக்கினோம். பறந்துவிட்ட இராக்கெட்டைக் கண்டும் மகிழாத பிள்ளையின் உள்ளத்தில் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டிருக்கிறது. தந்தையின் தடையால் அது அணைந்துபோகலாம். படியெடுக்கும் பழக்கத்தாலும் அணைந்துபோகலாம். இவ்விரண்டுக்கும் இடையே அதைக் காக்கும் வழி என்ன?

முதலில் அவ்விளையாட்டைப்பற்றிச் சிறிது கூறுவோம். அதன் பெயர் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்'. மெக்சிகோ நகரில் விளம்பரப் பணிகள் செய்துவந்த ஸ்குவாட் என்னும் நிறுவனத்தில், பெலிப்பே ஃபலாங்கே என்னும் பிரேசில் நாட்டு இளைஞரின் முயற்சியால் உருவாகி, 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முதன்முதலாக வெளிவந்தது. முழு வடிவம் பெற்றது 2015 ஏப்ரலில். (2023இல் முற்றுப்பெறாத நிலையில் வெளிவந்த இரண்டாம் பாகத்தின் வேலை மறு ஆண்டே நின்றுபோயிற்று, நாம் பேசுவது முதல் விளையாட்டையே.) கெர்பின் என்னும் கற்பனைக் கோளில் பச்சை நிறக் குட்டி மனிதர்கள் வாழ்கின்றனர். அவர்களை விண்ணுக்கு அனுப்பி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதில் சுடுவதும் இல்லை, வெட்டுவதும் இல்லை. ஒரு பெரிய கொட்டகையில் கூண்டு, எரிபொருள் தொட்டி, எஞ்சின், சிறகு, பாராசூட், தாங்குகம்பி முதலிய உறுப்புகள் குவிந்துகிடக்கும். எதனோடு எதைச் சேர்ப்பது என்பது முழுக்க முழுக்கக் கட்டுபவரின் விருப்பம். கட்டிய பின்னர் அதைத் தீர்ப்பிடுவது யார்? நியூட்டனின் விதிகள்! பெயரளவில் கோள்கள் கற்பனையே எனினும், ஈர்ப்பும் உந்தமும் எடையும் பெரும்பாலும் உண்மை உலகில் நடப்பதைப் போலவே நடக்கின்றன.

ஒரு சலுகையையும் சொல்லிவிட வேண்டும். கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர்தான். நம் பூமியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆகவே பூமியைச் சுற்றிவரும் பாதைக்கு ஏறுவதற்கு விநாடிக்குச் சுமார் 9,400 மீட்டர் அளவு வேகத்தைச் செலவிட வேண்டியிருக்க, அங்கே 3,400 மீட்டர் அளவு போதும். அச்சலுகை இல்லாவிடில் பிள்ளைகள் முதல் நாளே வெறுத்து எழுந்துவிடுவர் என்று விளையாட்டைச் செய்தவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அதுவும் நியாயமே.

இனிப் பையனின் துன்பத்துக்கு வருவோம். இராக்கெட் போதிய உயரம் செல்லவில்லை. ஆகவே இன்னொரு தொட்டி, இன்னும் ஓர் எஞ்சின். இவ்வாறு எண்ணுவது இயல்பே. இவ்விளையாட்டை ஆடுவோரிடையே 'இன்னும் கொஞ்சம் ஊக்கி சேர்' என்பது ஒரு வேடிக்கைப் பழமொழியாகவே ஆகிவிட்டது. ஆயின் அச்சேர்க்கை ஏன் பயன் தருவதில்லை என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடுவோம்.

ஒருவர் அமரும் சிறு கூண்டும் அதன் பாராசூட்டும் சேர்ந்து ஏறத்தாழ 0.94 டன். அதனடியில் 'டெரியர்' என்னும் சிறிய எஞ்சின். அது அரை டன். இடையில் ஒரு தொட்டி. நிரம்பியிருக்கையில் இரண்டேகால் டன், வறண்டபின் கால் டன். இக்கலம் வெற்றிடத்தில் தன் எரிபொருள் முழுவதையும் எரித்து அடையக்கூடிய வேக மாற்றம் விநாடிக்குச் சுமார் 2,640 மீட்டர். இதனை அக்கலத்தின் கைப்பணம் என்று கொள்ளலாம். இப்போது அதே அளவுள்ள இரண்டாம் தொட்டியைச் சேர்க்கிறோம். கைப்பணம் இரு மடங்காகவேண்டும் அன்றோ? ஆகவில்லை. கூடுதலாகக் கிடைப்பது 1,140 மீட்டர் மட்டுமே. மூன்றாம் தொட்டியைச் சேர்த்தால் கிடைப்பது அதனினும் குறைவு; 680 மீட்டர்கூட இல்லை. தொட்டி ஒன்றே, எரிபொருளின் அளவும் ஒன்றே. பலனோ படிப்படியாகத் தேய்கிறது. தொலைதூரம் செல்லும் வண்டிமாடு, வழியில் தான் தின்னவேண்டிய வைக்கோலையும் தானே இழுத்துச் செல்கிறது. பயணம் நீண்டால் வைக்கோல் மிகும். வைக்கோல் மிகுந்தால் சுமை மிகும். சுமை மிகுந்தால் மாடு இன்னும் தின்னும். இராக்கெட்டின் கதையும் இதுவே.

இவ்வுண்மையைக் கணிதமாக வடித்து 1903இல் வெளியிட்டவர் ருசிய நாட்டுக் கலூகா நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி. சிறு வயதில் கண்ட காய்ச்சலால் செவிப்புலனைப் பெரும்பகுதி இழந்தவர். நூலகத்தில் தாமே கற்றுத் தேர்ந்தவர். அவர் கண்ட சமன்பாட்டை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓதவேண்டியதில்லை. தொட்டியை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கொட்டகையில் தோன்றும் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். மூன்றாம் தொட்டிக்குள் அவனே கண்டுகொள்வான்.

ஆகவே புதிய சிந்தனை பிறக்கும் இடம் சேர்க்கும் இடமன்று, நீக்கும் இடம். இதைச் சுமக்கத்தான் வேண்டுமா? இவ்வளவு தூரம் சுமக்க வேண்டுமா? இவனோடு வரவேண்டியது யாது, வழியில் விட்டுவிடக்கூடியது யாது? இக்கேள்விகளைக் கேட்பதற்கு இராக்கெட்டைக் கடைசியிலிருந்து கட்டத் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் விருந்து சமைக்கும் தாய்மார்க்கு இது புதிதன்று. எத்தனை இலை விழும் என்று அறிந்த பின்னரே அரிசியை அளக்கிறார்கள். அரிசி அளந்த பின்னரே அண்டாவைத் தேடுகிறார்கள். பிள்ளைகளோ கொட்டகைக்குள் நுழைந்ததும் மிகப் பெரிய அண்டாவை முதலில் எடுத்து வைத்துவிடுகிறார்கள்!

கடைசியில் கெர்பினின் கடலில் வந்து விழவேண்டியது எது? ஒரு கூண்டு, ஒரு பாராசூட், வெப்பந்தாங்கும் ஒரு தட்டு. அவ்வளவே. அதை நிலவின் பக்கத்திலிருந்து வீட்டுக்குத் தள்ளிவிட எவ்வளவு எரிபொருள்? அதை நிலவின் தரையிலிருந்து தூக்க எவ்வளவு? இப்படிப் பின்னோக்கி நடந்து, ஏவுதளத்தின் பேரெஞ்சினை இறுதியாகத் தேர்ந்தெடுத்தால், நேற்று வரை கோபுரம்போல் நின்ற கலம் பாதியாய்ச் சுருங்கக் காணலாம். மேலே ஒரு டன் குறைந்தால் கீழே பல டன் குறையும்.

இதே கேள்வியைக் கேட்டதற்காக ஏளனத்துக்கு ஆளான ஒருவரின் வரலாற்றைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

1961ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, அப்பத்தாண்டு முடிவதற்குள் மனிதனை நிலவில் இறக்கித் திரும்பக் கொண்டுவருவது என்னும் குறிக்கோளை அறிவித்தார். எப்படிச் செல்வது என்பதில் விண்வெளி நிறுவனமான நாசாவின் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை எழுந்தது. நேராகச் செல்வோம், முழு விண்கலத்தையும் நிலவில் இறக்கி அதிலேயே திரும்புவோம் என்றனர் ஒரு சாரார். கேட்பதற்கு எளிய வழி. ஆயின் அதற்கு நோவா என்று பெயரிடப்பட்ட, அதுகாறும் எவரும் கட்டியிராத, அசுரத்தனமான இராக்கெட் ஒன்று தேவைப்பட்டது. துண்டு துண்டாக ஏவி, பூமியைச் சுற்றும் பாதையில் பொருத்திக்கொண்டு போவோம் என்றனர் மறு சாரார். லாங்லி ஆய்வுக்கூடத்துப் பொறியாளர் ஜான் ஹூபோல்ட் என்பாரும் அவரோடு ஒத்த சிலரும் வேறொன்று கூறினர். நிலவில் இறங்குபவனுக்கு, பூமியின் காற்றில் நுழையும்போது தேவைப்படும் கனத்த வெப்பக்கவசம் எதற்கு? கடலில் இறங்கும் பாராசூட் நிலவின் தரையில் எதற்கு? வீடு திரும்புவதற்கான எரிபொருளை நிலவின் தரைவரை இறக்கி மீண்டும் ஏன் தூக்கவேண்டும்? அவை எல்லாவற்றையும் தாய்க்கலத்தில் விட்டு, அத்தாய்க்கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்க, சின்னஞ்சிறு படகு ஒன்றில் இருவர் மட்டும் இறங்கி ஏறி வந்தால் என்ன?

பலருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றிற்று. பூமியிலிருந்து ஏறத்தாழ நான்கு இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், உதவ ஒருவரும் இல்லாத இடத்தில், இரண்டு கலங்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து இணைய வேண்டுமே! அந்நாளில் பூமிக்கு அருகில்கூட அப்படி ஓர் இணைப்பை எவரும் நிகழ்த்தியிருக்கவில்லை. அவருடைய கணக்குகளே பொய் என்று கூட்டத்தில் கூறியவரும் உண்டு. 1961 நவம்பரில் ஹூபோல்ட், தமக்கு மேலிருந்த அதிகாரிகள் அனைவரையும் தாண்டி, நிறுவனத்தின் உயர்தலைவர்களுள் ஒருவரான ராபர்ட் சீமன்ஸ் என்பவருக்கு நேரே மடல் எழுதினார். அம்மடலின் தொடக்கத்திலேயே பாலைவனத்தில் ஒலிக்கும் குரலுக்குத் தம்மை ஒப்பிட்டிருந்தார். நற்செய்தியில் திருமுழுக்கு யோவானைக் குறிக்கும் அச்சொல்லை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மடல் வீண்போகவில்லை. 1962 ஜூலை 11ஆம் நாள் அவ்வழியையே தேர்ந்தெடுத்ததாக நாசா அறிவித்தது. 1969 ஜூலை 20ஆம் நாள் நிலவில் இறங்கியது, சுமார் 15 டன் எடையுள்ள அந்தச் சிறு படகே. அதைச் சுமந்து ஏறிய சாட்டர்ன் இராக்கெட் 110 மீட்டர் உயரம், ஏறத்தாழ 2,900 டன். கடலில் வந்து விழுந்த கூண்டோ ஐந்து டன்னுக்கும் சற்றுக் குறைவு!

அப்படகைக் கட்டியவர்கள் அதோடு நிற்கவில்லை. விமானி அமர்ந்து பார்ப்பதற்குப் பெரிய கண்ணாடிச் சன்னல்கள் தேவைப்பட்டன. கண்ணாடியோ பெரும் பளு. எப்படி இலகுவாக்குவது என்று பலரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இருக்கைகளையே எடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. இறங்குவதற்கு ஆகும் நேரம் சிறிது, நிலவின் ஈர்ப்பு பூமியினதில் ஆறில் ஒரு பங்கு, நின்றுகொண்டே ஓட்டலாமே! நிற்பவன் தன் முகத்தைச் சன்னலுக்கு அருகே கொண்டுசெல்ல முடியும். ஆகவே சன்னல் சிறிதாயினும் போதும். இருக்கையின் பளுவும் போயிற்று, கண்ணாடியின் பளுவும் போயிற்று. இதைப் படிக்கும் இளைஞர்கள் இன்றே தங்கள் கலத்தில் எது 'இருக்கை' என்று தேடலாம்.

நீக்குவதற்கு அடுத்தது, கையில் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றுவது. விளையாட்டில் ஒரு பிள்ளை, 'பெரிய எஞ்சின் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தபின் போகிறேன்' என்று சோர்ந்து உட்கார்வதுண்டு. சோவியத் நாட்டு இராக்கெட் மேதை கொரல்யோவுக்கும் பெரிய எஞ்சின் கிடைக்கவில்லை. எரியும் அறையைப் பெரிதாக்கினால் உள்ளே தீ நிலைகொள்ளாமல் அதிர்ந்து எஞ்சினைச் சிதைத்தது. எனவே எஞ்சின் வல்லுநர் குளுஷ்கோ, ஒரே இறைப்பியிலிருந்து நான்கு சிறிய அறைகளுக்கு எரிபொருள் பாயும்படி அமைத்தார். இன்னொரு தொல்லையும் இருந்தது. உயரே சென்றபின் அடுத்த அடுக்கின் எஞ்சின் உறுதியாகப் பற்றிக்கொள்ளும் என்று அப்போது நம்ப இயலவில்லை. ஆகவே அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தாமல், நடுக்கலத்தைச் சுற்றி நான்கு பக்கக் கலங்களைக் கட்டி, ஐந்தையும் தரையிலேயே பற்றவைத்துவிட்டார்கள். எரியாதது எது என்று தரையில் இருக்கும்போதே தெரிந்துவிடும் அல்லவா? அந்த இராக்கெட்தான் 1957 அக்டோபர் 4ஆம் நாள் முதல் ஸ்புட்னிக்கை ஏற்றிற்று. அதன் வழித்தோன்றல்கள் சோயுஸ் என்னும் பெயரில் இன்னும் பறக்கின்றன. விளையாட்டிலும், பக்கத்தில் ஊக்கிகளைக் கட்டும் பழக்கத்தைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவர். அதற்குப் பின்னே இப்படி ஓர் இல்லாமை இருந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லவேண்டும்.

நம் நாட்டிலும் அத்தகைய எடுத்துக்காட்டு உண்டு. செவ்வாய்க்குக் கலம் அனுப்ப விழைந்தபோது இந்தியாவின் பெரிய ஏவுகலமான ஜி.எஸ்.எல்.வி. 2010இல் இருமுறை தோற்றிருந்தது. கைகண்ட சிறிய ஏவுகலமான பி.எஸ்.எல்.வி.யோ, 1,337 கிலோ எடையுள்ள மங்கள்யானை ஒரே வீச்சில் செவ்வாயை நோக்கி எறியும் வலிமை பெற்றதன்று. எனவே 2013 நவம்பர் 5ஆம் நாள் அதைப் பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் மட்டும் விட்டார்கள். அதன்பின், கலம் பூமிக்கு மிக அருகில் வந்து அதிவேகமாகப் பாயும் ஒவ்வொரு வேளையும் பார்த்து, அதன் சிறிய எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கினார்கள். ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையை ஏற்ற கணத்தில் மெல்லத் தள்ளத் தள்ள அது உயர உயரப் போவதுபோல், பாதை நீண்டுகொண்டே சென்றது. டிசம்பர் 1ஆம் நாள் பூமியின் பிடியை விட்டு அகன்ற கலம், 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. அத்திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடி என்னும் சிற்றூரில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. இத்தந்திரத்தைப் பிள்ளைகள் விளையாட்டில் எஞ்சினை மாற்றாமலே செய்துபார்க்கலாம். வேகமாகச் செல்லும் கணத்தில் எரிக்கும் எரிபொருள் கூடுதல் ஆற்றல் தரும் என்பது அங்கேயும் பொய்ப்பதில்லை. பொறுமை மட்டும் வேண்டும். பிள்ளைகளிடம் அரிதாகக் கிடைக்கும் எரிபொருள் அதுவே!

உறுப்புகளின் பெயரைக் கண்டு மயங்காமையும் ஒரு கலை. 'கால்' என்று பெயரிட்ட உறுப்பின்மீதுதான் கலம் நிற்கவேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. மெல்ல இறங்கினால், எஞ்சினின் அடிக்குழல்மீதே நிற்கும் குறுங்கலங்கள் உண்டு. எரிபொருள் தீர்ந்து விண்ணில் அநாதையாய் நின்ற கலத்தை, பயணியையே வெளியே இறக்கி, அவன் முதுகில் உள்ள சிற்றெந்திரத்தைக் கொண்டு பின்னாலிருந்து தள்ளச் செய்து வீடு சேர்த்தவர்கள் பலர். எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுக்காத தீர்வு அது! கையில் உள்ளது எது, அது என்னவெல்லாம் செய்யக்கூடும் என்று எண்ணிப் பார்த்தவனுக்கே அது தோன்றும்.

மடல் எழுதிய தாயின் மனத்தை வருத்தும் படியெடுத்தலைப்பற்றி நம் கருத்து இது. படியெடுப்பது பாவமன்று. ஓவியம் பயில்பவரும் இசை பயில்பவரும் ஆசானைப் படியெடுத்தே தொடங்குகிறார்கள். ஆயின் படியெடுத்த இராக்கெட்டைப் பறக்கவிட்டதோடு நின்றுவிடலாகாது, அதை அவிழ்க்கவேண்டும். மேலுள்ள தாங்குகம்பியை எடுத்தால் என்ன ஆகும்? ஆடுகிறதா? ஆடவில்லையெனில் அது அங்கே எதற்கு? சிறகை மேலே நகர்த்தினால்? ஒரு வேளைக்கு ஒரு மாற்றம் மட்டும். மாற்றியதையும் விளைந்ததையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் இரண்டு வரி. இப்படிப் பத்து முறை செய்தால், அந்த இராக்கெட்டைக் கட்டிய அந்நியர் மறைந்து, அது இவனுடையதாகிவிடும்.

வானில் புரண்டு விழும் நோய்க்கு மருந்தும் இப்படித்தான் அகப்படும். அமெரிக்காவின் ராபர்ட் கொடார்ட், திரவ எரிபொருளால் இயங்கும் முதல் இராக்கெட்டை 1926 மார்ச் 16இல் ஆபர்ன் என்னும் ஊரில் பறக்கவிட்டார். அதில் எஞ்சின் உச்சியில் இருந்தது, தொட்டிகள் கீழே தொங்கின. மேலிருந்து இழுத்தால் கலம் நேராகத் தொங்கிக்கொண்டு வரும் என்பது அன்றைய எண்ணம். எஞ்சினும் கலமும் ஒன்றாகவே சாய்வதால் அவ்வாறு நிகழாது என்பது பின்னரே தெளிவாயிற்று. கொடார்டும் தம் அடுத்த கலங்களில் எஞ்சினைக் கீழே கொண்டுவந்தார். அந்த முதல் பறப்பு நீடித்தது இரண்டரை விநாடி! பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வேண்டியது அம்பைத்தான். கனமான முனை முன்னே, இறகு பின்னே. தலைப்பகுதி இலேசாகி, சிறகுகள் மேலே ஒட்டப்பட்ட கலத்தைக் காற்று திருப்பிப் போட்டுவிடும். எரிபொருள் குறையக் குறைய எடை எங்கே மிஞ்சுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஏவுதளத்தில் நேராக நின்றது, இரண்டு நிமிடத்துக்குப் பின் புரள்வது பெரும்பாலும் அதனாலேயே.

விளையாட்டில் வென்றதெல்லாம் உலகில் வெல்லும் என்றும் எண்ணவேண்டாம். பக்கத் தொட்டிகளிலிருந்து நடுத்தொட்டிக்குக் குழாய்வழி எரிபொருளைப் பாய்ச்சி, பக்கத் தொட்டிகள் முதலில் வற்ற, அவற்றைச் சோடி சோடியாக உதிர்க்கும் ஓர் அமைப்பு இவ்விளையாட்டில் மிகப் புகழ்பெற்றது. ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தார் தங்கள் ஃபால்கன் ஹெவி இராக்கெட்டுக்கு அதைப் போன்றதை எண்ணியிருந்தும், சிக்கல் மிகுதி என்று விட்டுவிட்டனர். 2018 பிப்ரவரியில் அது அக்குழாய்கள் இன்றியே பறந்தது.

ஒன்றில் மட்டும் நாம் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவோம். இவ்விளையாட்டில் இராக்கெட் வெடித்தால் ஒரு பொத்தானை அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். பச்சைக் குட்டி மனிதர்கள் முழியை உருட்டிக்கொண்டு மீண்டும் அமர்ந்திருப்பர். துணிந்து பரிசோதிக்க அது நல்ல துணை. ஆயினும், உள்ளே இருப்பவனைப்பற்றிய நினைவே இன்றிக் கட்டும் பழக்கமும் அதனாலேயே வந்துவிடுகிறது. 2018 அக்டோபர் 11ஆம் நாள், ருசியரும் அமெரிக்கருமாக இருவர் சென்ற சோயுஸ் கலத்தின் பக்க ஊக்கி ஒன்று, பிரியும் வேளையில் நடுக்கலத்தின்மீது மோதிற்று. தப்பிக்கும் எந்திரம் அக்கணமே கூண்டைப் பிடுங்கி அப்பால் எறிய, இருவரும் காயமின்றித் தரையிறங்கினர். எத்தனையோ பயணங்களில் பயன்படாமல், வீண் பளுவென்று தோன்றும்படி சுமக்கப்பட்ட ஏற்பாடு அது. நீக்கு, நீக்கு என்று இதுவரை கூறிவந்தோம். நீக்கலாகாத பளுவும் உண்டு. ஆளை ஏற்றுமுன் ஆளில்லாமல் ஒருமுறை. தப்பும் வழி அமைத்தபின்னரே ஆளோடு. பொத்தானை அழுத்துவது ஆளில்லாக் கலத்துக்கு மட்டும் என்று வீட்டில் ஒரு விதி வகுத்துப் பாருங்கள். பிள்ளையின் இராக்கெட்டுகள் அன்றே வேறு உருவம் கொள்ளும். எதிர்ப்பும் வரும், தளரவேண்டாம்.

தந்தைக்கு ஒரு சொல். நாள் முழுதும் திரைமுன் அமர்வது கண்ணுக்கும் உடலுக்கும் நன்றன்று என்று அவர் அஞ்சுவது சரியே, நேரத்துக்கு வரம்பிடுங்கள். கொட்டகையில் செய்யவேண்டியதில் பாதியைத் தாளிலும் பென்சிலிலும் செய்யலாம். கணக்கு அங்கேதான் தெளிவாகும். வரம்பிட்டபின் கால் மணி நேரமாவது மகனின் அருகில் அமருங்கள். நீங்கள் இராக்கெட் அறியாதவராயிருப்பது நன்மையே. "தம்பி, இந்தக் குழாய் எதுக்குப்பா? இது இல்லாட்டி என்ன ஆகும்?" என்று உண்மையாகவே தெரியாமல் கேட்பவர் வாய்ப்பது அரிது. விடை சொல்ல முயலும்போதே அவன் தன் கலத்தைப் புதிதாகக் காண்பான். சில வேளை விடை சொல்லாமல் அந்தக் குழாயைக் கழற்றிவிடுவான்.

இறுதியாக, அவ்விளையாட்டில் எல்லா உறுப்புகளும் முதலிலிருந்தே தாராளமாகக் கிடைக்கும் முறையும் உண்டு. சிறுகச் சிறுகச் சம்பாதித்து முன்னேறும் முறையும் உண்டு. பிள்ளைகள் பெரும்பாலும் முதலதையே நாடுவர். இரண்டாவதில் தொடங்குவதையே நாம் விரும்புவோம். அங்கே தொடக்கத்தில் ஏவுதளம் தாங்குவது 18 டன் மட்டுமே. ஒரு கலத்தில் 30 உறுப்புகளுக்கு மேல் பூட்ட முடியாது. பேரெஞ்சின் எதுவும் கைக்கு வந்திராது. தளத்தை விரிவாக்கப் பணம் சேரும்வரை காத்திராமல், அந்தப் பதினெட்டு டன்னுக்குள்ளேயே ஒருவனை ஏற்றி, கெர்பினின் நிலவைச் சுற்றிவரச் செய்து, உயிரோடு கடலில் இறக்க முடியும். செய்து காட்டியவர்கள் உண்டு. அவர்களுடைய படத்தைத் தேடுவதற்கு முன், கூண்டையும் பாராசூட்டையும் தாளின் உச்சியில் வரைந்துகொண்டு, அதன் கீழே என்ன வரவேண்டும் என்று அந்தப் பையன் ஒரு மாலைப்பொழுது யோசிக்கட்டும்.